பழைய தமிழ் மென்பொருளுக்கும் வேண்டும் நாட்டுடைமை!

தி.நகர் என்றாலே ரங்கநாதன் தெரு நெரிசலும் பட்டுப்புடவைக் கடைகளும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அது ஒரு புத்தகப் பேட்டையும்கூட. தீனதயாளு தெருவில் வானதி பதிப்பகம், தணிகாசலம் சாலையில் மணிமேகலைப் பிரசுரம், கண்ணதாசன் சாலையில் கண்ணதாசன் பதிப்பகம் என்று தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த முகவரிகள் பல அங்கேதான் இருக்கின்றன. புத்தகத்தின் முதல் பக்கத்தில் "தியாகராய நகர், சென்னை - 17" என்று படித்துப் படித்தே அந்த ஊரைத் தெரிந்துகொண்ட வெளியூர்க்காரர்கள் ஏராளம்.

இங்கே ஒரு சின்னக் கேள்வி. 1990களில் தமிழ்ப் புத்தக உலகம் ஈய எழுத்தை விட்டுவிட்டு டிடிபிக்கு மாறியது. பக்கங்களைப் பேஜ்மேக்கரில் அமைத்து, லேசர் பிரிண்டரில் பட்டர் ஷீட்டில் எடுத்து, அதிலிருந்து ஆஃப்செட் தகடு செய்வார்கள். புத்தகம் அச்சாகிக் கடைக்கு வந்துவிடும். சரி, அந்தக் கணினிக் கோப்பு என்ன ஆனது?

அது ஒரு ஃப்ளாப்பியிலோ சிடியிலோ ஏறி, பீரோவுக்குள் போய்விட்டது.

25 ஆண்டு கழித்து ஒருவர் அந்த சிடியை எடுத்து, மறுபதிப்புப் போடலாம், மின்னூலாக்கலாம் என்று நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நடக்காது! கோப்பு இருக்கும், ஆனால் திறக்காது. திறந்தாலும் உள்ளே தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த ஒரு குப்பைதான் இருக்கும். கடைசியில், இருக்கிற அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து திரும்பத் தட்டச்சு செய்வதுதான் வழி.

இந்த விஷயத்தில் குற்றவாளி யார், தீர்வு என்ன என்பதுதான் பேச வேண்டியது.

பூட்டு நம்முடையது, சாவி எங்கே?

ஒருங்குறி என்கிற யுனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் எழுத்துருக்கள் எப்படி வேலை செய்தன என்று இன்றைய மாணவர்கள் பலருக்குத் தெரியாது. கணினியைப் பொறுத்தவரை அங்கே இருந்தது ஆங்கில எழுத்துதான். அதன் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திவிட்டார்கள். மொத்தம் 256 இடங்கள். எந்த இடத்தில் "க" உட்காரும், எந்த இடத்தில் கொம்பு உட்காரும் என்பதை ஒவ்வொரு எழுத்துரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி முடிவு செய்தார். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் புகழ்பெற்ற பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி! அரசு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களில் ஸ்ரீலிபி, சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் இலவசமாகக் கொடுத்த மயிலை என்று ஆளுக்கொரு முறை.

இதைச் சரிசெய்யத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. இணையத்தில் கூடிய தமிழர்கள் இன்னொரு பக்கம் திஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். கடைசியில் 2010ல்தான் ஒருங்குறியைத் தமிழக அரசு முறைப்படி ஏற்றது. ஆக, 1980களின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகள் தமிழர்கள் கணினியில் அடித்தவை எல்லாம் பல்வேறு பூட்டுகளுக்குள் இருக்கின்றன. கதை, கவிதை, ஆய்வேடு, சிறுபத்திரிகை, கல்யாணப் பத்திரிகை எல்லாம்தான்.

ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு. அந்த எழுத்துரு, அந்தச் சொற்செயலி, அந்த விசைப்பலகை நிரல். பரவலாகப் புழங்கிய எழுத்துருக்களுக்குப் பிரச்சினை இல்லை. சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் அவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிடும். அவ்வளவாகப் புழங்காத எழுத்துரு என்றால்? அந்த எழுத்துருக் கோப்பு கையில் இருந்தால்தான் எந்த இடத்தில் எந்த எழுத்து என்று பார்த்துப் புதிதாக மாற்றி எழுத முடியும். அது தொலைந்தால் சாவி தொலைந்தது.

இடம் மாற்றிக்கொண்டே வந்தவை பிழைத்தன என்பதற்கு நல்ல உதாரணம் மதுரைத் திட்டம். 1998 பொங்கல் அன்று தொடங்கிய அந்தத் தன்னார்வத் திட்டத்தின் நூல்கள் ஆரம்பத்தில் மயிலை, இணைமதி எழுத்துருக்களில் இருந்தன. பிறகு திஸ்கிக்கு மாறின, அப்புறம் ஒருங்குறிக்கு வந்தன. ஒவ்வொரு முறையும் யாரோ சிலர் உட்கார்ந்து மாற்றினார்கள். அதனால்தான் இன்று கைபேசியில்கூடப் படிக்க முடிகிறது. பீரோவுக்குள் போன சிடிகளுக்கு அப்படி உட்கார்ந்து மாற்ற ஆள் கிடைக்கவில்லை.

ஏன் பழைய கணினி? ஏன் சிடி?

"எல்லாம்தான் இணையத்தில் கிடைக்குமே, இன்னும் எதற்கு சிடி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

விண்டோஸ் 98 ஓடும் கணினி ஒன்றில் இன்றைய பென் டிரைவைச் செருகினால் அது திருதிருவென்று விழிக்கும். அதற்கென்று தனி டிரைவர் நிறுவ வேண்டும். அதிலுள்ள பழைய உலாவியால் இன்றைய பாதுகாப்பு முறைகளுடன் இயங்கும் இணையதளங்களைத் திறக்கவே முடியாது. அந்தக் கணினிக்குள் ஒரு மென்பொருள் போக வேண்டுமானால் வாசல் இரண்டுதான்: ஃப்ளாப்பி, சிடி. ஒரு ஃப்ளாப்பியில் கொள்வது 1.44 எம்பி. ஒரு சிடியில் 700 எம்பி, அதாவது சுமார் 480 ஃப்ளாப்பி. எது வசதி என்று சொல்லத் தேவையில்லை.

"பழைய கணினியே வேண்டாம், புதிய கணினியில் டாஸ்பாக்ஸ், மெய்நிகர் கணினி வைத்து ஓட்டலாமே?" இதுவும் சரிதான், பாதி வரை. இன்றைய 64 பிட் விண்டோஸில் அந்தக் கால 16 பிட் நிரல்கள் நேரடியாக ஓடாது என்பதால் இந்தப் போலிக் கணினிகள் பெரிய வரம். ஆனால் அச்சக மென்பொருள்கள் பலவும் டாங்கிள் என்ற வன்பூட்டோடு வந்தவை. பிரிண்டர் போர்ட்டில் அந்தக் குட்டிப் பெட்டியைச் செருகினால்தான் மென்பொருள் ஓடும். பெட்டி கெட்டால் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளும் செத்த மாதிரிதான். போலிக் கணினியிலும் அதைச் செருகி ஓட்டுவது எளிதல்ல. போகட்டும், டாங்கிள் இல்லாத மென்பொருளை எடுத்துக்கொண்டாலும், போலிக் கணினிக்குள் போடுவதற்கு அந்த மென்பொருள் வேண்டுமே! அதை எங்கே போய் வாங்குவது?

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001ல். பேஜ்மேக்கர் கோப்புகளை இன்டிசைனின் பழைய பதிப்புகள் திறந்தன, புதியவை திறப்பதில்லை. தமிழ் மென்பொருள் தயாரித்த சிறு நிறுவனங்கள் பலவும் இன்று இல்லை. கடை இல்லை, விற்பவர் இல்லை, விலை இல்லை. இருப்பது யார் வீட்டுப் பரணிலோ கிடக்கும் ஒரு சிடி மட்டும். அதை ஒருவர் நகலெடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் உண்டு.

அப்படியானால் இது திருட்டு இல்லையா?

இதை மழுப்பக் கூடாது. இன்றைய இந்தியச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் நகலெடுத்து ஊருக்கு விநியோகித்தால் அது மீறல்தான். பதிப்புரிமைச் சட்டம் 1957ன் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. லாப நோக்கம் இல்லாவிட்டால் சிறைக்குப் பதில் அபராதத்தோடு விடலாம். சட்டப்படி வாங்கியவர் தன் பாதுகாப்புக்காகவும் தன் சொந்த உபயோகத்துக்காகவும் நகலெடுக்க 52வது பிரிவில் இடம் உண்டு. அடுத்தவருக்குக் கொடுக்க இல்லை.

சட்டம் இருப்பதற்குக் காரணமும் உண்டு. தமிழ் மென்பொருள் செய்தவர்கள் பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் அல்ல. தனி ஆட்களும் சிறு நிறுவனங்களும்தான். ஒரு சிடி விற்றால் பத்து நகல் போகும் ஊரில் தொழில் செய்தவர்கள் அவர்கள். "தமிழுக்குச் சேவை" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் வயிற்றில் அடித்த கூட்டமும் நம்மிடையே இருந்தது. முரசு அஞ்சல் போல இன்றும் உயிரோடு இருக்கிற மென்பொருள்களை "பழசுதானே" என்று நகலெடுப்பது அப்பட்டமான திருட்டு. அதற்கு எந்தத் தத்துவமும் முட்டுக் கொடுக்க முடியாது.

ஆனால் விற்பனையில் இல்லாத, உரிமையாளரே மறந்துபோன மென்பொருளின் கதை வேறு. யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. சட்டமோ இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறது. இந்தியாவில் மென்பொருளும் இலக்கியப் படைப்பு என்ற வகையில்தான் வருகிறது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1990ல் 25 வயது இளைஞர் ஒருவர் ஒரு தமிழ்ச் சொற்செயலி எழுதுகிறார். அவர் 80 வயது வரை வாழ்ந்தால் 2045. அதோடு 60 ஆண்டு. 2105ன் முடிவில்தான் அந்தச் சொற்செயலி பொதுச்சொத்து ஆகும்! அப்போது சிடி டிரைவை எந்த மியூசியத்தில் தேடுவது?

நூலகங்களாவது காப்பாற்றுமா? அங்கேதான் வேடிக்கை. கடைகளில் கிடைக்காத புத்தகத்தை ஒரு பொது நூலகம் தன் உபயோகத்துக்காக மூன்று நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. மென்பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை. 2012ல் ஒரு திருத்தம் வந்தது. ஒரு படைப்பை நூலகம் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம், ஆனால் அதன் மின்வடிவம் அல்லாத பிரதி ஒன்று நூலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். சிடியிலேயே பிறந்த மென்பொருளுக்கு மின்வடிவம் அல்லாத பிரதி எங்கிருந்து வரும்? அச்சிட்ட புத்தகம் என்றால் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போயாக வேண்டும். அந்தப் புத்தகத்தை உருவாக்கிய எழுத்துரு எங்கும் போக வேண்டியதில்லை!

அமெரிக்காவில் இந்தச் சிக்கலை 2003லேயே ஓரளவு புரிந்துகொண்டார்கள். வழக்கொழிந்த வடிவங்களில் வந்த நிரல்கள், டாங்கிள் கெட்டுப்போய் மாற்றுக் கிடைக்காத நிரல்கள் ஆகியவற்றின் பூட்டை உடைக்க அந்த ஆண்டே விலக்கு கொடுத்தார்கள். 2018ல் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் வழக்கொழிந்த மென்பொருள்களைப் பாதுகாக்கத் தனி விலக்கு வந்தது.

ஏடு சொல்லும் பாடம்

நகலெடுப்பது என்றால் ஏதோ கள்ளத்தனம் என்று நினைக்கிற பழக்கம் நமக்குப் புதிது. ஓலைச்சுவடி சில நூறு ஆண்டுகளில் செல்லரித்துவிடும். செல்லரிப்பதற்கு முன் யாராவது பெயர்த்து எழுத வேண்டும். அப்படி எழுதிக்கொண்டே வந்ததால்தான் சங்கப் பாட்டும் சிந்தாமணியும் நம் கைக்கு வந்தன. உ.வே. சாமிநாதையர் 1887ல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரே ஒரு ஏட்டை நம்பவில்லை. பல ஊர்களிலிருந்து ஏடுகளை வாங்கி ஒப்பிட்டார். பல இடங்களில் நகல் இருந்ததுதான் அந்த நூலுக்கு உயிர் கொடுத்தது. கரிவலம்வந்தநல்லூரில் அவர் ஏடு தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வேறு எங்கும் நகல் இல்லாத ஏடு ஏதாவது அதில் இருந்திருந்தால், அது போனது போனதுதான்.

சிடி ஓலையைவிட மோசம். வீட்டில் எழுதப்படும் சிடியில் தகவலைத் தாங்குவது ஒரு மெல்லிய சாயப்பூச்சு. வெயிலும் சூடும் ஈரப்பதமும் அதற்கு எமன். மூன்றும் தாராளமாகக் கிடைக்கிற ஊர் சென்னை! ஓலைக்கு நூற்றாண்டுக் கணக்கில் அவகாசம் இருந்தது. சிடிக்கு ஆண்டுக் கணக்கில்தான் இருக்கிறது.

பாரதிக்குச் செய்ததை இதற்கும் செய்யலாம்

தீர்வு அமெரிக்காவில் இல்லை, இங்கேயே இருக்கிறது. 1949ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது பாரதியாரின் படைப்புகளை அரசே எடுத்துக்கொள்ள முடிவானது. பிறகு அவை மக்களின் சொத்தாயின. அன்றிலிருந்து எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை, வாசகர்களுக்கு மலிவு விலைப் பதிப்பு. கல்கியின் பொன்னியின் செல்வன் இன்று இத்தனை பதிப்பகங்களிலிருந்து இத்தனை விலைகளில் கிடைப்பதற்குக் காரணம் இதுதானே?

மென்பொருளும் சட்டத்தின் கண்ணில் இலக்கியப் படைப்புதான் என்றால், இலக்கியத்துக்குச் செய்ததை மென்பொருளுக்கும் செய்வதில் என்ன தடை? விற்பனை நின்று பல ஆண்டுகளான தமிழ் எழுத்துருக்கள், சொற்செயலிகள், விசைப்பலகை நிரல்கள் ஆகியவற்றைச் செய்தவர்களையோ அவர்கள் வாரிசுகளையோ தேடிப் பிடித்து, ஒரு பரிவுத்தொகை கொடுத்து, நாட்டுடைமை ஆக்கலாம். அவற்றைச் சேர்த்து வைக்க கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. சேர்த்ததை ஒரு சிடியாகவும், இணையத்தில் வட்டுப் பிம்பமாகவும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள வைக்கலாம். இது அரசுக்குப் புதிய விஷயமும் அல்ல. 2005 ஏப்ரலில் மத்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையும் சி-டாக்கும் எழுத்துருக்கள், தமிழ் ஓப்பன் ஆபீஸ், தமிழ் உலாவி எல்லாம் அடங்கிய சிடியைச் சென்னையில் வெளியிட்டு இலவசமாகக் கொடுத்தன. அரசு சிடி கொடுத்தால் சேவை, மாணவன் கொடுத்தால் குற்றம் என்ற நிலை மாற வேண்டும் என்றால், நடுவில் தேவைப்படுவது உரிமையாளரின் ஒரு கையெழுத்து.

அந்தக் கையெழுத்துக்கு அரசு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 21வது பிரிவுப்படி படைப்பாளி பொது அறிவிப்பு ஒன்றின் மூலமாகவே தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். மென்பொருள் செய்த பெரியவர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். "என் பழைய எழுத்துருவை யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம்" என்று அவர்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

பேஜ்மேக்கர் மாதிரி வெளிநாட்டு நிறுவனங்களின் மென்பொருளுக்கு இந்த வழி செல்லாது என்பது உண்மைதான். அதற்கு நாடாளுமன்றம் 52வது பிரிவைத் திருத்த வேண்டும். கடையில் கிடைக்காத புத்தகத்துக்கு நூலகத்துக்கு இருக்கும் சலுகை, கடையில் கிடைக்காத மென்பொருளுக்கும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அதுவரை?

வீட்டில், அச்சகத்தில், கல்லூரி ஆய்வகத்தில் பழைய சிடி, ஃப்ளாப்பி இருந்தால் முதலில் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளுக்கு ஒரு பாதுகாப்பு நகல் இன்றே எடுத்துவிடுங்கள். மென்பொருள் பெயர், பதிப்பு, ஆண்டு, கூட வந்த கையேடு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

உரிமையாளர் அனுமதித்த மென்பொருள்களைப் பழைய கணினிக்காரர்களுக்கு எழுதிக் கொடுப்பவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டு வேண்டாம். அது ஒளியைக் குறைவாகப் பிரதிபலிப்பதால் பழைய டிரைவ்கள் பல அதைப் படிப்பதில்லை. சாதாரண சிடி-ஆர் போதும், குறைந்த வேகத்தில் எழுதுங்கள். டாஸ் கணினிக்கு என்றால் கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. முக்கியமாக வைரஸ் சோதனை! விண்டோஸ் 98 காலத்து சிடிகளோடு அந்தக் காலத்து வைரஸ்களும் உயிரோடு வரும். 1999 ஏப்ரல் 26 அன்று கணினிகளின் பயாஸையே அழித்த செர்னோபில் வைரஸை மறந்துவிடக் கூடாது.

அனுமதி இல்லாதவற்றை என்ன செய்வது? பத்திரமாக வைத்திருங்கள். செய்தவர் யார் என்று தேடுங்கள். ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். "அட, இதை இன்னும் யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா!" என்று அவர் சந்தோஷப்படவும் கூடும்.

தமிழ்த் தாத்தா ஊர் ஊராக நடந்தார். நமக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை. பரணில் ஏறி ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினால் போதும். அடுத்த கோடைக்குள் அதைச் செய்துவிடுங்கள். சென்னை வெயில் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்காது!